பாலைச் சுனையில் பனைக்கு என்ன வேலை?

*நெவாடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பாலைவன ஊற்றுகளைச் சூழ்ந்து காடாக மண்டிய அந்நியப் பனைகளை, அரசாங்கங்களே முன்நின்று அகற்றி வருகின்றன. நிழலும் கனியும் தரும் மரத்தின்மேல் ஏன் இந்தப் பகை?*

லாஸ் வேகாஸ் நகரத்தின் இரவறியாத வீதிகளைப் பின்னே விட்டுவிட்டு வடகிழக்குத் திசையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்லும் பிரயாணி, சாம்பல் பூத்த குத்துச்செடிகளையும், உப்புப் படிந்து வெளுத்த மண்ணையும், மழையின் முகத்தையே மறந்துபோன மொட்டைக் குன்றுகளையும் வழிநெடுகப் பார்த்துச் சலித்த கண்களோடு மோவாப்பா பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை அடையும்போது, எதிரே தோன்றுவது மெய்யோ கானலோ என்று ஒரு கணம் மயங்கி நிற்பார். விசிறி விரித்தாற்போன்ற ஓலைகளையுடைய பனைகள் அங்கே நூற்றுக்கணக்கில் நெருங்கி வளர்ந்து, காய்ந்த ஓலைகளைக் கழற்றி எறியாமல் கழுத்து முதல் அடிவரை தொங்கவிட்டுக்கொண்டு, நடுப்பகலையும் அந்திப் பொழுதாக்கி நிற்கின்றன.

அந்த இருட்டுக்குள் குனிந்து நுழைந்தால் ஜலத்தின் ஓசை கேட்கும். பூமியின் ஆழத்திலிருந்து சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு கொப்பளித்து எழும் இருபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இங்கே சிற்றோடைகளாகி, மட்டி நதி என்ற பெயருடன் பாலையைக் கடந்து, கொலராடோ நதியைத் தேக்கி உண்டாக்கிய மீட் ஏரியில் சென்று கலக்கின்றன. அந்த வெதுவெதுப்பான ஓடைநீரில் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளுகிறதே விரல் நீள மீன் ஒன்று, அதற்கு மோவாப்பா டேஸ் என்று பெயர். இந்த ஊற்றுகளையும் நதியின் தலைப்பகுதியையும் தவிர, அகிலத்தில் வேறெந்த நீர்நிலையிலும் அது கிடையாது.

இத்தகைய சோலைக்குள்ளிருந்து மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் எழுந்தால், அதிலும் அந்த இயந்திரத்தைப் பிடித்திருப்பவர்கள் வன உயிரினங்களைக் காப்பதற்கென்றே சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் என்று தெரிந்தால், பனையை மாநில மரமாகப் போற்றுகிறவர்களும், ஒரு பனையை வெட்டுவதற்குக்கூட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று விதி செய்துகொண்டவர்களுமான நமக்கு நெஞ்சு பதறுவது இயல்பே. பாலைவனத்தில் ஒரு மரம் முளைப்பதே அபூர்வம். முளைத்த மரத்தை வெட்டுவானேன்? இந்தக் கேள்விக்கான விடை மரத்தில் இல்லை, அதன் காலடியில் ஓடும் நீரில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: மோவாப்பா, சில விவரங்கள்

• 1967: மோவாப்பா டேஸ், அழிவை நோக்கும் உயிரினங்களின் அமெரிக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

• 1979: இந்த மீனைக் காப்பதற்காக மோவாப்பா பள்ளத்தாக்கு வனவிலங்குச் சரணாலயம் நிறுவப்பட்டது. மொத்த விஸ்தீரணம் இன்று 116 ஏக்கர்.

• 2007: சரணாலயத்தை அடுத்த சுமார் 1,220 ஏக்கர் பண்ணையைத் தெற்கு நெவாடா குடிநீர் ஆணையம் விலைக்கு வாங்கியது.

• 2008: கணக்கெடுப்பில் எஞ்சியிருந்த டேஸ் மீன்கள் 459. பின்வந்த கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி மீண்டது.

வந்த வழி

பாலைவனம் என்றதும் ஒட்டகமும் பேரீச்சையும் சேர்ந்தே நம் மனக்கண்ணில் தோன்றுவதற்கு அரபு நாடுகளே காரணம். வெயிலால் வெந்துகிடந்த வேறு கண்டங்களுக்குக் குடியேறச் சென்ற ஐரோப்பியரும் அதே சித்திரத்தை மனத்தில் சுமந்து சென்று, கண்ட ஊற்றுகளின் ஓரத்திலெல்லாம் அதை நிஜமாக்க முயன்றார்கள்.

கலிபோர்னியாவில் அந்த முயற்சி பெருந்தொழிலாகவே வளர்ந்தது. வால்டர் சுவிங்கிள் என்ற தாவர சாஸ்திரி 1927-ஆம் ஆண்டில் மொராக்கோ தேசத்திலிருந்து கொண்டுவந்த மெஜூல் பேரீச்சைக் கன்றுகள் பதினொன்றில் ஒன்பது பிழைத்தன. இன்று அமெரிக்கக் கடைகளில் விற்கும் மெஜூல் பழத்தின் வம்சம் அந்த ஒன்பதிலிருந்தே பெருகியது. மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற இடத்தில், 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி 56.7 டிகிரி வெப்பம் பதிவானதாகச் சொல்லப்படும் பண்ணையைச் சுற்றி, வெண்காரம் எடுக்கும் கம்பெனியார் 1920-களில் பேரீச்சந்தோப்பு வைத்தார்கள். மோவாப்பாவின் வெந்நீர் ஊற்றுகளை நீச்சல் குளங்களாகக் கட்டிப் பொழுதுபோக்கு விடுதி நடத்தியவர்களுக்கும், அந்நிய தேசத்து அழகைக் காட்டி விருந்தினரை இழுக்க விசிறிப் பனையே வாய்ப்பாக அமைந்தது.

ஆஸ்திரேலியாவின் கதையில் நம் துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்குண்டு. 1860-கள் முதல் அந்தக் கண்டத்தின் நடுப்பாலையைக் கடக்க ஒட்டகங்கள் தேவைப்பட்டபோது, அவற்றை ஓட்டுவதற்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் புறங்களிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் மனிதர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஊர் பேர் பாராமல் எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே அந்நாட்டார் அழைத்தனர். அவர்கள் தங்கிய இடங்களிலும், வெள்ளையரின் மாட்டுப் பண்ணைகளிலும், அரசாங்கமே நட்ட தோட்டங்களிலும் பேரீச்சை வேரூன்றியது.

தோப்பில் நின்ற மரம் ஊற்றுக்கு எப்படிப் போயிற்று என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பழத்தைத் தின்ற பறவையும், கயோட்டி என்னும் அமெரிக்க நரியும் விதையை எச்சத்தோடு தூரத்தில் இட்டன. வறண்ட மண்ணில் விழுந்தவை கருகிப் போக, ஊற்றுவாயின் ஈரத்தில் விழுந்தவை முளைத்தன. விதையிலிருந்து எழும் பேரீச்சையில் ஏறத்தாழப் பாதி ஆண்மரமாகி விடுகிறது. பெண்மரத்திலும் தாய்மரத்துக் கனியின் சுவை இருப்பதில்லை. ஆகவே மனிதன் ஆசையோடு நட்ட தோப்பு அவனுக்குப் பயன் தந்ததே ஒழிய, தானாக மண்டிய காடு அவனுக்கும் பயன்படவில்லை.

ஓடைக்கு நேர்ந்த கதி

அகன்ற பேராற்றின் கரையில் ஒரு பனை நிற்பதால் ஆற்றுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. இரண்டு முழ அகலமும் கணுக்கால் ஆழமும் உள்ள பாலைவன ஓடையின் சங்கதி வேறு. அங்கே ஊற்றுவாயைச் சுற்றி இருபது முப்பது பனைகள் நெருங்கி நின்றால், அவற்றின் சல்லிவேர்கள் கரையைப் பின்னிக்கொண்டு நீரின் பாதைக்குள்ளேயே இறங்குகின்றன. உதிரும் மட்டைகளும் ஓலைகளும், நம் நாட்டு இலைச்சருகைப்போல் ஒரு மழையில் மக்கிப் போகாமல், நாரும் முள்ளுமாக ஓடையில் குறுக்கே கிடந்து அணை கட்டுகின்றன. வேகமாக ஓடிய நீர் தேங்குகிறது; தேங்கிய நீரின் அடியில் சேறு படிகிறது; கூழாங்கற்களின்மேல் ஓடும் சலசலப்பான நீரையே நம்பி வாழும் பூச்சிகளும் நத்தைகளும் இடமின்றி ஒழிகின்றன.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடந்து களைத்தவனுக்கு நிழல் வரப்பிரசாதம். ஓடைக்கோ வெயில்தான் ஆகாரம். நீரடிக் கற்களில் சூரிய ஒளி பட்டால்தான் பாசி படரும். பாசி படர்ந்தால்தான் புழு பூச்சிகள் பெருகும். அவை பெருகினால்தான் மீனுக்கு இரை கிடைக்கும். பனங்கூட்டத்தின் அடர்ந்த இருள் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்துவிடுகிறது.

மோவாப்பா டேஸின் வாழ்க்கை முறையைக் கவனித்தால் இதன் கொடுமை இன்னும் தெளிவாகும். வளர்ந்த மீன்கள் நதியின் அகன்ற பகுதியில் இரை தேடினாலும், முட்டையிடுவதற்கு வெதுவெதுப்பான ஊற்றோடைகளுக்கே திரும்பி வர வேண்டும். நீர் சற்றுக் குளிர்ந்தாலும் அவற்றின் இனப்பெருக்கம் நடப்பதில்லை. பிள்ளை பெறும் இடத்தின் வாசலிலேயே ஓலையும் வேரும் வழியை அடைத்தால், அந்த இனம் எங்கே போய்ப் பிழைக்கும்? போதாக்குறைக்கு, நம் குளங்களில் ஜிலேபி மீன் என்று பெயர் பெற்றிருக்கும் திலாப்பியாவின் இனம் ஒன்று 1990-களில் மட்டி நதிக்குள் புகுந்து, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டது. கீழே திலாப்பியா, மேலே பனை என்று இரு பக்கமும் நெருக்குண்ட நிலையில்தான் 2008-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு நடந்தது.

நெருப்பின் நண்பன்

பேரீச்சையின் காலுக்கு நீரும் தலைக்கு நெருப்பும் வேண்டும் என்று அரபு மக்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொன்ன நெருப்பு வெயில்தான். மோவாப்பாவில் அது உண்மையான நெருப்பாகவே வந்தது. 1994-ஆம் ஆண்டிலும் 2010-ஆம் ஆண்டிலும் அந்தப் பனங்காட்டில் தீப்பற்றி, தொங்கிய காய்ந்த ஓலைகளின் வழியே நுனிவரை ஏறி, மரத்துக்கு மரம் தாவி, ஊற்றுகளின் கரைகளைச் சாம்பலாக்கிச் சென்றது. எரிந்த ஓலைகளும் சாம்பலும் சிறிய ஓடையில் விழுந்தால் நீரின் தன்மையே மாறிவிடுகிறது. தப்பியோட மீனுக்கு வேறு ஓடையும் இல்லை.

இதில் விபரீதம் என்னவென்றால், தீயை வளர்த்த பனை தீயில் சாவதில்லை. வேம்பு, புளி போன்ற மரங்களுக்குப் பட்டையின் அடியில் உயிருள்ள மெல்லிய படலம் உண்டு. அது வெந்தால் மரம் மாண்டுவிடும். பனைக்கு அப்படிப்பட்ட படலம் இல்லை. உயிரோட்டமான நார்கள் தண்டு முழுவதும் பரவிக் கிடப்பதால், வெளிப்புறம் கரியானாலும் உச்சிக்குருத்து பிழைத்திருந்தால் சில மாதங்களில் பச்சை ஓலை தலைகாட்டிவிடுகிறது. ஓடைக்கரையில் அதனோடு நின்ற நாட்டு மரங்களான ஆஷும் மெஸ்கீட்டும் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. எனவே ஒவ்வொரு தீயும் பனைக்குப் போட்டியாளர்களைக் குறைத்துக் கொடுக்கிறது. போட்டி குறையக் குறையப் பனை பெருகுகிறது. பனை பெருகப் பெருக அடுத்த தீக்கு விறகு சேருகிறது. மனிதன் குறுக்கிட்டாலொழிய இந்தச் சக்கரம் தானாக நிற்பதில்லை.

பெட்டிச் செய்தி: பனையின் உடற்கூறு

• பனை இனத் தாவரங்களுக்கு வெளிப்புறம் வைரம், உட்புறம் நார். இவற்றைத் தொல்காப்பியம் மரத்தில் சேர்க்காமல் புல் என்றே வகைப்படுத்தியது. இன்றைய தாவர சாஸ்திரமும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது.

• ஆண்டு வளையங்கள் உண்டாவதில்லை. ஆகவே தண்டை அறுத்துப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

• பேரீச்சையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. அடியிலிருந்து பக்கக் கன்றுகளும் கிளம்பும். ஒரு மரம் சில ஆண்டுகளில் ஒரு புதராகிவிடும்.

• கலிபோர்னியாவின் விசிறிப் பனை 15 மீட்டருக்கு மேல் உயரும். காய்ந்த ஓலைகள் தாமாக விழாமல் தண்டைச் சுற்றித் தங்கும்.

தென்கண்டத்தின் சாட்சியம்

இது அமெரிக்காவின் தனிக்கதை அன்று. தென் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், சிம்சன் பாலையின் விளிம்பில், விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் டல்ஹவுசி ஊற்றுகள் இருக்கின்றன. 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அக்கண்டத்தின் அடியில் விரிந்து கிடக்கும் பெரும் நிலத்தடி நீர்ப்படுகை, தன் அழுத்தம் தாளாமல் இங்கே உடல்சூட்டை ஒத்த வெந்நீராக வெளிப்படுகிறது. டல்ஹவுசி என்ற அடைமொழியோடு வழங்கும் மீன்கள் சில இந்த ஊற்றுகளுக்கு வெளியே எங்கும் வாழ்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாட்டுப் பண்ணையார்கள் விட்டுச் சென்ற பேரீச்சை ஊற்றிலிருந்து ஊற்றுக்குப் பரவி, நீர்வாயை மூடி, தன் தாகத்துக்கு ஓயாமல் நீரை உறிஞ்சியது. பூங்காவை அரசாங்கத்தோடு சேர்ந்து நிர்வகிக்கும் பூர்வகுடி மக்களும் வன ஊழியர்களும் அதை அகற்ற நேர்ந்தது இதனால்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பிரதேசத்தில், யிஞ்சிபார்ண்டி மக்களின் புனித நிலமான மில்ஸ்ட்ரீமில் வழக்கு இன்னும் சுவாரசியமானது. அங்கே போராடுவது பனைக்கும் பனைக்கும் இடையில். லிவிஸ்டோனா ஆல்பிரெடி என்னும் அந்த மண்ணின் விசிறிப் பனை, ஈரம் மிகுந்திருந்த பழங்காலத்தின் எச்சமாக அந்தப் பகுதியின் சில நீர்நிலைகளை மட்டும் அண்டி வாழ்கிறது. பண்ணைக்காரர்களாலும் ஒட்டகக்காரர்களாலும் வந்த பேரீச்சை அதன் இடத்தில் புகுந்து, நுழைய முடியாத புதராக மண்டி, தீக்கும் இரையானது. எட்டத்தில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் பனைதான். ஊற்றுக்கு ஒன்று பூர்விகக் குடித்தனக்காரன், மற்றொன்று ஆக்கிரமிப்பாளன்.

எதிர்த்தரப்பின் வாதம்

வெட்டுகிறவர்களின் பக்கம்தான் நியாயம் முழுவதும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மோவாப்பாவில் நிற்கும் விசிறிப் பனை வேறு கண்டத்திலிருந்து வந்ததே அன்று. சில நூறு கிலோமீட்டர் தெற்கே, கலிபோர்னியாவின் மலையிடுக்குகளில் அது சுயம்புவாக வளர்கிறது. பாம் ஸ்பிரிங்ஸ், ட்வென்டி நைன் பாம்ஸ் என்ற ஊர்கள் அதனால் பெயர் பெற்றவை. அங்குள்ள கவியா பழங்குடியினர் அதன் கனியை உண்டு, ஓலையால் கூரை வேய்ந்து, காய்ந்த ஓலைகளை அவ்வப்போது தாங்களே தீயிட்டுக் களைந்து, அந்தச் சோலைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினார்கள். அதே மரம் நெவாடாவில் மட்டும் அந்நியன் ஆவது எங்ஙனம்?

இதைப் பற்றித் தாவர சாஸ்திரிகளுக்குள் நெடுநாளாக அபிப்பிராய பேதம் உண்டு. குடியேறிகள் வருவதற்கு முன் அந்த வழியே சென்ற யாத்திரிகர்களின் குறிப்புகளில் பனை தென்படவில்லையாதலால், பின்னால் நடப்பட்டதே பெருகிற்று என்பது ஒரு சாரார் கட்சி. நரியும் பறவையும் பழங்காலம் தொட்டே விதையைப் பரப்பியிருக்கலாம், இது இயற்கையான விரிவே என்பது மறுசாரார் கட்சி. ஆண்டு வளையம் இல்லாத மரம் தன் வயதைத் தானே சொல்லிச் சர்ச்சையைத் தீர்த்து வைக்கவும் வழியில்லை.

பனையை நம்பி வாழும் பிராணிகளும் உண்டு. மஞ்சள் வௌவால் ஒன்று அந்தக் காய்ந்த ஓலைத் தொங்கலுக்குள்தான் பகலைக் கழிக்கிறது. ஓரியோல் என்னும் பறவை ஓலையின் நாரைக் கிழித்துக் கூடு கட்டுகிறது. எல்லாப் பனைகளையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால், ஒரு மீனைக் காக்கப் போய் ஒரு வௌவாலைத் தெருவில் நிறுத்துவதாக முடியும். டல்ஹவுசியில் பழைய பண்ணை வீட்டின் இடிபாடுகளை ஒட்டி நிற்கும் பேரீச்சை, அங்கே வாழ்ந்து மறைந்தவர்களின் ஞாபகச் சின்னமும் ஆகும். ஒட்டகக்காரர்களின் சரித்திரத்தை எழுதி வைத்தவர்கள் குறைவு. அவர்கள் உழைத்த பாதைகளில் எஞ்சி நிற்கும் மரங்களையும் துடைத்துவிட்டால், அந்த நினைவுக்கு ஆதாரமும் குறைந்து போகும்.

வெட்டிய பின் என்ன?

வெட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணியவர்களுக்குப் பாலை ஊற்றுகள் ஒரு கசப்பான பாடத்தையும் வைத்திருந்தன. டல்ஹவுசியையும் நெவாடாவின் ஆஷ் மெடோஸ் ஊற்றுகளையும் நெடுங்காலம் ஆராய்ந்த அஸ்ட்ரிட் கோட்ரிக்-பிரவுன், ஜேம்ஸ் பிரவுன் என்னும் விஞ்ஞானிகள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், மாடும் குதிரையும் நுழையாதபடி காப்பு ஏற்படுத்திய சிறு ஊற்றுகள் சிலவற்றில், மேய்ச்சலின்றி நாணற்புல் தடையில்லாமல் வளர்ந்து நீர்ப்பரப்பையே மூடியதையும், காப்பாற்ற நினைத்த மீன்களே அங்கு மறைந்துபோனதையும் எடுத்துக்காட்டினார்கள். அந்நியப் பிராணியை அப்புறப்படுத்தினால் இயற்கை பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி. மனிதன் வருவதற்கு முன்பு பெருவிலங்குகளும், பிறகு நெருப்பிட்டுப் புல்லைக் களைந்த பூர்வகுடிகளும் திறந்து வைத்திருந்த நீர்நிலைகள் அவை. காவலன் இல்லாத ஊற்று, நாட்டுப் புல்லிடமும் தோற்றுப் போகிறது.

ஆகவே மோவாப்பாவில் பனையை அகற்றிய இடங்களில் ஓடையின் பழைய பாதையை மீட்பதும், நீச்சல் குளங்களுக்காகப் போட்ட கான்கிரீட்டைப் பெயர்ப்பதும், நாட்டு மரக்கன்றுகளை நடுவதும், திலாப்பியா மேலேறி வராதபடி தடுப்பு கட்டுவதும் ஒரே திட்டத்தின் அங்கங்களாக நடந்தன. சரணாலயத்தின் ஓடையோரத்தில் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைத்து, நீருக்குள் நீந்தும் டேஸ் மீனை வருகிறவர்கள் நேரில் பார்க்கவும் வசதி செய்திருக்கிறார்கள். தாம் எதைக் காக்கிறோம் என்பதை ஜனங்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டாமல் மரத்தை வெட்டினால், ஜனங்கள் மரத்தின் பக்கமே நிற்பார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மெஸ்கீட்டும் சீமைக் கருவேலும்

மரணப் பள்ளத்தாக்கின் ஊற்றுகளையே இல்லமாகக் கொண்டு, வேறெங்கும் காணப்படாத நீர்ப்பூச்சி இனங்கள் வாழ்கின்றன. அங்கும் பேரீச்சையும் விசிறிப் பனையும் தோப்பைத் தாண்டி ஊற்றுகளுக்குப் பரவியதால், பண்ணையைச் சுற்றிய பழைய தோப்பைச் சரித்திரச் சின்னமாக நிற்கவிட்டு, ஊற்றுவாயில் முளைத்தவற்றைப் பூங்கா நிர்வாகத்தார் களைகிறார்கள். அந்த ஊற்றுகளின் நீரைக் குடித்து வளரும் மெஸ்கீட் மரங்கள் டிம்பிஷா ஷொஷோனி பழங்குடியினரின் ஜீவாதாரமாக இருந்தவை. அதன் காயை இடித்து மாவாக்கி அவர்கள் பசியாறினார்கள். மரத்தைச் சுத்தம் செய்து பராமரிப்பதையும் தங்கள் கடமையாகக் கொண்டிருந்தார்கள்.

தமிழ் வாசகர் இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அந்த மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ராமநாதபுரம் முதலிய வறண்ட சீமைகளின் கண்மாய்களையும் ஊருணிகளையும் நிரப்பிக்கொண்ட சீமைக் கருவேல். அங்கே காப்பாற்றத் தவிக்கும் குலத்தை இங்கே வேரோடு பிடுங்கத் தவிக்கிறோம். இங்கே தெய்வமாகத் தொழும் பனையின் குலத்தை அங்கே அறுத்துத் தள்ளுகிறார்கள். எந்த மரமும் பிறவியிலேயே துஷ்டன் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

ஆழத்தில் உள்ள அபாயம்

பனை ஓடையின் குற்றவாளி என்றால், அதைவிடப் பெரிய குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறான். மோவாப்பாவின் ஊற்றுகளுக்கு நீர் தரும் சுண்ணாம்புப் பாறைப் படுகை பல பள்ளத்தாக்குகளின் அடியில் தொடர்ந்து செல்கிறது. எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறு இறைத்தால், வெகுதூரத்தில் ஊற்றின் மூச்சு குறைகிறது. 2010 முதல் 2012 வரை அரசு உத்தரவின் பேரில் நடந்த இறைப்புச் சோதனையின்போது ஊற்றுகளின் நீர்வரத்து கண்கூடாகக் குறைந்தது. அதன் பின் 2020-இல் நெவாடா மாநில நீர்ப் பொறியாளர், அந்தப் படுகை முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு 8,000 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 987 கோடி லிட்டருக்கு மேல் எடுக்கலாகாது என்று வரம்பு விதித்தார். அந்தப் பாலையில் புதிய நகரமே எழுப்பத் திட்டமிட்டிருந்த நிறுவனத்தாரும் பிறரும் வழக்காடினார்கள். ஒன்றோடொன்று இணைந்த பள்ளத்தாக்குகளை ஒரே படுகையாகக் கருதி நிர்வகிக்க நீர்ப் பொறியாளருக்கு அதிகாரம் உண்டென்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

மில்ஸ்ட்ரீமும் இதற்கு விலக்கல்ல. அந்தச் சோலையின் அடியிலுள்ள நீர்ப்படுகையே கராத்தா முதலிய சுரங்கத் தொழில் நகரங்களுக்குக் குடிநீராகச் சென்றது. அந்தச் சுமையைக் குறைக்கவே 1985-இல் ஹார்டிங் அணை கட்டப்பட்டது. ஊற்றுவாயில் நிற்கும் பனை எவ்வளவுதான் குடித்தாலும், இரவும் பகலும் ஓடும் மோட்டாருக்கு அது ஈடாகாது. பனையை வெட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது சுலபம். கிணற்றை மூடச் சொல்வதுதான் கடினம்.

தீர்ப்பு

மரம் எங்கே பிறந்தது என்று ஜாதகம் பார்ப்பதைக் காட்டிலும், நிற்கும் இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே நியாயமான பரிசோதனை. வேறு போக்கிடமற்ற ஓர் உயிரின் ஒரே நீர்வாயைப் பனை அடைக்குமானால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் அகற்றப்பட வேண்டியதே. பண்ணை வீட்டின் முற்றத்திலும், வௌவால் தங்கும் தோப்பிலும், ஓடைக்கு எட்டத்தில் நிற்கும் பனைக்கு அந்தத் தண்டனை தேவையில்லை. அகற்றுவதென்று முடிவு செய்தவர்கள், அந்த இடத்தில் நாட்டு மரம் வேர்பிடித்து நிழல் தரும்வரை காவல் இருக்கவும் கடமைப்பட்டவர்கள். நிலத்தடி நீருக்கு வரம்பு கட்டாமல் மரத்தை மட்டும் வெட்டுவது நோயை விட்டு நிழலை அடிப்பதாகும்.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற உத்தரவிட்டபோது ஊர்தோறும் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நாம் பார்த்தோம். பிடுங்கிய இடத்தில் என்ன நடுவது, கரி சுட்டுப் பிழைத்தவர்களுக்கு என்ன தொழில், கண்மாயை ஆண்டுதோறும் யார் கண்காணிப்பது என்ற கேள்விகளுக்கு அப்போது விடை தயாராக இல்லை. கவனிப்பாரற்ற இடங்களில் அது மறுபடியும் துளிர்த்துவிட்டது. உங்கள் ஊர்க் கண்மாயில் அடுத்த முறை இயந்திரம் இறங்கும்போது, எத்தனை மரம் சாய்ந்தது என்று கேட்பதோடு நில்லாமல், அதற்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இங்கே யார் வந்து பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெயரோடும் பொறுப்போடும் ஒருவர் பதில் சொன்ன பிறகே கோடரியை எடுக்க வேண்டும்.